வெள்ளிக் காபிக் கூஜாவும் அதன் நகாசு வேலையும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பதினெட்டாம் நூற்றாண்டில் ஐரோப்பாவில் செய்த வெள்ளிக் காபிப் பாத்திரங்களைப் பார்க்கவும் படிக்கவும் ஆரம்பித்துப் பல வருடங்கள் ஆகின்றன. உறவினர்களும் நண்பர்களும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன். நம் வீட்டுக் கூஜாவுக்கு ஒரு பக்கம் கெண்டி மூக்கும் மறுபக்கம் மரப்பிடியும் வைத்தால் ஏறக்குறைய அந்த உருவம் வந்துவிடும். அதனால் காபிக் கூஜா என்றே சொல்கிறேன்.

காபிக் கூஜா ஏன் இவ்வளவு உயரமாக இருக்கிறது? டீக்கு வைக்கும் பாத்திரம் குட்டையாகத்தானே இருக்கும்?

காரணம் மண்டிதான். அந்தக் காலத்தில் காபித் தூளைத் தண்ணீரோடு சேர்த்துக் கொதிக்கவைத்து அப்படியே பாத்திரத்தில் ஊற்றுவார்கள். தூள் அடியில் தங்க வேண்டும், தெளிந்தது மட்டும் மேலிருந்து வர வேண்டும். அதற்கு உயரம் உதவும். மூக்கும் அடிமட்டத்திலிருந்து கொஞ்சம் மேலே தள்ளித்தான் கிளம்பும். பல பிரெஞ்சுக் கூஜாக்களில் நீண்ட மூக்கே கிடையாது, வாய்விளிம்பை ஒட்டி ஒரு சின்ன அலகு மட்டும் இருக்கும்.

இதே உயரத்தில் இன்னொரு பாத்திரமும் உண்டு, சாக்லேட் ஊற்றுவது. மூடியின் குமிழைக் கழற்றவோ நகர்த்தவோ முடிந்து, உள்ளே மத்து விட ஒரு துவாரம் தெரிந்தால் அது சாக்லேட்டுக்கானது. சாக்லேட்டை ஊற்றுமுன் கடைய வேண்டும், காபியைக் கலக்கவே கூடாது. மூடியைப் பார்த்தே இரண்டையும் பிரித்துச் சொல்லிவிடலாம்.

முதலில் செய்தவையும் இப்படிப் பூவேலையோடுதான் இருந்தனவா?

இல்லை. லண்டனில் முதல் காபிக் கடை 1652-இல் திறந்தது. இன்றைக்குக் கிடைக்கும் மிகப் பழைய ஆங்கிலேய வெள்ளிக் காபிக் கூஜா 1681-ஐச் சேர்ந்தது, லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கீழே அகன்று மேலே குறுகிய உருளை, நேரான மூக்கு, கூம்பு மூடி, தோல் சுற்றிய பிடி. பார்த்தால் கைவிளக்கு போலிருக்கும். உடம்பில் பொறித்த கேடயச் சின்னமும் எழுத்தும் மட்டும்தான் அலங்காரம்.

எழுத்து என்ன சொல்கிறது தெரியுமா? ரிச்சர்ட் ஸ்டெர்ன் என்பவர் இதைக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு அன்பளிப்பாகக் கொடுத்தார் என்கிறது. கம்பெனி அப்போது சென்னையில் கோட்டை கட்டிக் குடியேறிச் சுமார் 40 வருடம் ஆகியிருந்தது. இதற்கு முன்பே, 1670-இல், ஜார்ஜ் பெர்க்லி பிரபு அதே கம்பெனியின் குழுவுக்கு ஒரு டீப் பாத்திரம் கொடுத்தார். அதுவும் அதே அருங்காட்சியகத்தில் இருக்கிறது, உருவம் ஏறக்குறைய இதேதான். மேலே எழுதியிருப்பதைப் படித்தால்தான் அது டீக்கு, இது காபிக்கு என்று தெரிகிறது. இரண்டு பானமும் அவ்வளவு புதிது, எதற்கு எந்த உருவம் என்று இன்னும் முடிவாகவில்லை. அடுத்த 60, 70 வருடங்களில் நேர்கோடு வளைந்தது, உடம்பு பேரிக்காய் போல அடிபெருத்தது, அப்புறம்தான் இலையும் சங்கும் சுருளும் மேலேறின.

உங்களுக்குப் பிடித்த ஒரு கூஜாவைச் சொல்லுங்கள் என்றால்?

தயங்காமல் சொல்வேன்: பிரான்சுவா தாமா ஜெர்மேன் 1757-இல் பாரிஸில் செய்தது. இப்போது நியூயார்க் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. உயரம் 30 சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவு.

முதலில் உடம்பைப் பாருங்கள். வழுவழுப்பான பேரிக்காய் வடிவத்தைக் கையில் பிடித்து, ஈரத்துணியைப் பிழிவது போல ஒரு முறுக்கு முறுக்கியிருக்கிறார்கள். வரிவரியான பள்ளங்கள் அடியிலிருந்து கழுத்து வரை சாய்ந்து சுற்றி ஏறுகின்றன. நின்ற இடத்தில் நிற்கும் பாத்திரம் சுழல்வது போலத் தோன்றும். அந்தப் பள்ளங்கள் வெளிச்சத்தை வாங்குகிற விதமே தனி. ஒவ்வொரு வரியிலும் ஒரு வெள்ளைக் கீற்றும் பக்கத்திலேயே ஒரு கருநிழலும் விழுந்து, இரண்டும் சேர்ந்து மேலே ஓடும். ரோக்கோகோ பாணி என்று இதைச் சொல்வார்கள். பாறை, கிளிஞ்சல், அலை, சுருள் இவற்றிலிருந்து பிறந்த பாணி அது. இடமும் வலமும் ஒரே அளவாக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் அதற்குக் கிடையாது.

அப்புறம் கால்களுக்கு வாருங்கள். மூன்று கால்கள். ஒவ்வொன்றும் உடம்போடு சேருமிடத்தில் காபி இலைகளும் பழக்கொத்தும் விரிந்திருக்கின்றன. ஏற்காட்டிலோ கூர்க்கிலோ காபிச் செடியை நின்று பார்த்தவர்களுக்கு இது உடனே பிடிபடும். நுனி கூர்ந்த, ஓரம் லேசாக நெளிந்த இலை, நடுநரம்பிலிருந்து பக்க நரம்புகள் வளைந்து பிரிவது, இலைக்காம்பின் மடியில் பழங்கள் நெருக்கியடித்து உட்கார்ந்திருப்பது. அன்றைய வெள்ளிச் சாமான்களில் வழக்கமாக வருவது எந்த மரத்தினுடையது என்று சொல்ல முடியாத ஒரு பொது இலை. இங்கே வெள்ளியில் இருக்கும் செடியும் உள்ளே இருக்கும் பானமும் ஒன்று. ஆம்ஸ்டர்டாம் நகரத் தலைவர் பதினான்காம் லூயிக்கு அனுப்பிய காபிச் செடி 1714-லேயே பாரிஸ் அரசத் தோட்டத்துக்கு வந்துவிட்டதால், அந்த நகரம் இந்தச் செடியை அறிந்திருந்தது.

இந்த இலைகள் எங்கே இருக்கின்றன என்பதுதான் நான் முக்கியமாகச் சொல்ல வருவது. காலை உடம்போடு பற்றவைத்த இடம் பொதுவாகவே பலவீனமானது, பார்வைக்கும் அழகில்லாதது. சரியாக அந்த இடத்தில் இலை படர்கிறது. அது ஒட்டின கோட்டை மூடுகிறது, எடையைப் பரப்பி வாங்குகிறது, கூடவே செடி முளைத்து உடம்பைத் தாங்குவது போன்ற தோற்றத்தையும் தருகிறது. நல்ல கூஜாக்களில் அலங்காரம் எப்போதும் இப்படி ஒரு வேலை இருக்கும் இடத்தில்தான் செறிவாக இருக்கும்: மூக்கு கிளம்புமிடம், பிடி சொருகுமிடம், மூடிக் குமிழ், கால். இதைப் புரிந்துகொண்ட பிறகு எந்தக் கூஜாவைப் பார்த்தாலும் என் கண் முதலில் அந்த இணைப்புகளுக்குத்தான் போகிறது.

ஜெர்மேன் யார்? அவர் காலத்துப் பாரிஸ் வெள்ளி ஏன் இவ்வளவு அரிது?

அப்பா தாமா ஜெர்மேன், மகன் பிரான்சுவா தாமா. இருவருமே பிரெஞ்சு அரசரின் வெள்ளி வேலைக்காரர்கள், லூவ்ர் அரண்மனையிலேயே பட்டறை வைத்திருந்தவர்கள். 1755 நவம்பர் 1-ஆம் தேதி லிஸ்பன் பூகம்பத்தில் போர்ச்சுகல் அரண்மனையோடு அங்கிருந்த வெள்ளியும் அழிந்தது. அரசர் முதலாம் ஜோசே புதிய சாமான்களுக்கு மகன் ஜெர்மேனிடம்தான் பெரிய ஆர்டர் கொடுத்தார். ரஷ்ய அரசவைக்கும் அவர் செய்து கொடுத்தார். இவ்வளவு இருந்தும் 1765-இல் அவர் திவாலானார்.

அரிதாகிப்போனதற்குக் காரணம் உருக்கியதுதான். போர்ச் செலவுக்குப் பணம் வேண்டும் என்று பதினான்காம் லூயி 1689-லும் 1709-லும் வெள்ளிச் சாமான்களை நாணயச்சாலைக்கு வரவழைத்தார். 1759-இல் பதினைந்தாம் லூயியும் அதையே செய்தார். அப்புறம் புரட்சி வந்தது. நான் மேலே சொன்ன கூஜா செய்து இரண்டே வருடத்தில் அந்த 1759 உலைக்குத் தப்பியிருக்கிறது. பாரிஸில் செய்த நல்ல வெள்ளியைப் பார்க்க இன்றைக்கு லிஸ்பனுக்குப் போக வேண்டியிருப்பது இதனால்தான். வெளிநாட்டுக்கு விற்றது பிழைத்தது, வீட்டில் வைத்திருந்தது நாணயமாயிற்று.

இதை எப்படிச் செய்தார்கள்? வார்த்ததா, தட்டியதா?

இரண்டும்தான். ஒரே கூஜாவில் நாலைந்து தொழில் கலந்திருக்கும்.

உடம்பு பெரும்பாலும் தட்டி எழுப்பியது. வட்டத் தகடு ஒன்றை எடுத்து, இரும்புக் குத்துக்கோலின் மேல் வைத்துச் சுற்றிச் சுற்றிச் சுத்தியால் அடிப்பார்கள். அடிக்க அடிக்க ஓரம் மேலெழும்பிக் கிண்ணமாகும், கிண்ணம் குறுகிக் குடமாகும். வெள்ளி அடிபட்டால் இறுகிவிடும், அதற்கு மேல் அடித்தால் விரிசல் விடும். அதனால் ஒவ்வொரு சுற்று முடிந்ததும் நெருப்பில் மங்கலான சிவப்பு வரும்வரை காய்ச்சி ஆற்றுவார்கள். மறுபடி இளகும், மறுபடி அடி. ஒரு பேரிக்காய் வடிவம் வருவதற்குள் இப்படி எத்தனையோ தடவை நெருப்புக்குப் போய்வரும். கடைசியில் தட்டையான முகம் கொண்ட, கண்ணாடி போல மெருகேற்றிய சுத்தியால் மெல்லத் தட்டி அடித்தழும்புகளை மறைப்பார்கள். பழைய கூஜாவின் உட்புறத்தில் வெளிச்சம் அடித்துப் பார்த்தால் அந்தத் தட்டலின் வரிசை சில சமயம் இன்னும் தெரியும்.

கால், மூக்கு, பிடி சொருகும் குழல், குமிழ் எல்லாம் வார்த்தவை. மூக்கு உள்ளே கூடாக இருக்க வேண்டும், வளைந்தும் இருக்க வேண்டும். அதனால் நீளவாக்கில் இரண்டு பாதியாக வார்த்து ஒட்டுவார்கள். அந்த ஒட்டுக்கோடு மூக்கின் மேலும் கீழும் மயிரிழையாக ஓடும். நல்ல வேலைக்காரர் அதன் மேலேயே ஓர் இலை நரம்பை ஓடவிட்டு மறைத்துவிடுவார். பற்றவைப்பதற்கு நம் பட்டறைகளில் பொடி வைப்பது என்பார்களே, அதே முறைதான்: வெள்ளியைவிடச் சீக்கிரம் உருகும் கலவை, கூட வெண்காரம்.

இனி நகாசு. இங்கே ஒரு சிக்கல். குறுகிய கழுத்துள்ள பாத்திரத்தின் வயிற்றை உள்ளேயிருந்து எப்படிப் புடைப்பது? சுத்தி நுழையாதே. அதற்கு ஒரு கருவி உண்டு. இரண்டு முனையும் வளைந்த நீளமான இரும்புக் கம்பி. ஒரு முனையைப் பிடிசாவியில் (வைஸ்) இறுக்குவார்கள், மறுமுனையின் மேல் பாத்திரத்தைக் கவிழ்த்து, புடைக்க வேண்டிய இடம் கம்பியின் நுனியில் படும்படி பிடித்துக்கொள்வார்கள். பிடிசாவியின் பக்கத்தில் கம்பியைச் சுத்தியால் ஒரு தட்டு. கம்பி அதிரும், அந்த அதிர்வில் உள்ளே இருக்கும் நுனி துள்ளி வெள்ளியை வெளியே தள்ளும். கண்ணால் பார்க்க முடியாத இடத்தில் கையின் உணர்வை மட்டும் நம்பிச் செய்யும் வேலை. இதைப் பற்றி முதன்முதலாகப் படித்தபோது அந்தப் பக்கத்தைத் திரும்பத் திரும்ப வாசித்தேன்.

இப்படி மேடு எழுந்த பிறகு பாத்திரத்துக்குள் காய்ச்சிய தார்ப்பிசினை ஊற்றி நிரப்புவார்கள். செங்கல் தூளும் கொழுப்பும் கலந்த பிசின் அது. நம் தட்டார்கள் அரக்கைப் பயன்படுத்துவது இதே காரணத்துக்காகத்தான், அடியைத் தாங்க வேண்டும், கொஞ்சம் இளகியும் கொடுக்க வேண்டும். பிசின் இறுகியதும் வெளிப்பக்கத்திலிருந்து மழுங்கிய உளிகளால் இலையின் ஓரம், நரம்பு, பழத்தின் உருட்சி எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக எழுப்புவார்கள். நூற்றுக்கணக்கான உளிகள் ஒரு பெட்டியில் இருக்கும். ஒன்று கோடு போட, ஒன்று தரையை அமுக்க, ஒன்று புள்ளிவைத்துச் சொரசொரப்பாக்க. வேலை முடிந்ததும் சூடாக்கிப் பிசினை வெளியே ஓடவிடுவார்கள்.

புடைப்பு வேலை, நகாசு, செதுக்கு: மூன்றும் ஒன்றா?

இல்லை. உள்ளிருந்து வெளியே தள்ளினால் புடைப்பு. வெளியிலிருந்து உளியால் அமுக்கி உருக்கொடுத்தால் நகாசு. இந்த இரண்டிலும் வெள்ளி இடம் மாறுகிறது, குறைவதில்லை. செதுக்கு என்பது கூரிய உளியால் வெள்ளியைச் சுரண்டி எடுப்பது. குடும்பச் சின்னங்களும் எழுத்துகளும் பெரும்பாலும் செதுக்கியவை.

தெரிந்துகொள்ள எளிய வழி: விரலால் பாத்திரத்தின் உட்புறத்தைத் தடவுங்கள். வெளியே இருக்கும் இலை உள்ளே பள்ளமாகத் தட்டுப்பட்டால் புடைப்பு. செதுக்கிய கோடு உள்ளே தெரியாது, வெளியே கோட்டின் அடி பளிச்சென்று வெட்டுப்பட்டிருக்கும். நகாசுக் கோட்டின் அடி உருண்டிருக்கும்.

பிடி மட்டும் ஏன் மரம்?

உலோகங்களிலேயே சூட்டை மிக வேகமாகக் கடத்துவது வெள்ளி. கொதிக்கும் காபியை ஊற்றினால் வெள்ளிப் பிடியைத் தொடவே முடியாது. டபராவின் விளிம்பில் விரல் சுட்டவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அதனால் கருங்காலி போன்ற கெட்டி மரத்தைச் செதுக்கி வெள்ளிக் குழலுக்குள் சொருகி ஆணியடித்தார்கள். ஜெர்மேன் கூஜாவில் இருப்பது அமரந்த் மரம், தென்னமெரிக்காவிலிருந்து வருவது, ஊதா கலந்த நிறம். பிற்காலத்தில் பிடியையும் வெள்ளியிலேயே செய்து நடுவில் தந்த வளையம் இரண்டைக் கோத்துச் சூட்டைத் தடுத்தார்கள்.

அடியிலும் ஓரத்திலும் இருக்கும் குட்டி முத்திரைகள் என்ன?

ஆங்கிலேயக் கூஜாவாக இருந்தால் இவைதான் அதன் ஜாதகம். லண்டன் முத்திரை என்றால் பொதுவாக நான்கு: சிறுத்தைத் தலை, நடக்கும் சிங்கம், ஒரு எழுத்து, செய்தவரின் முதலெழுத்துகள். சிங்கம் இருந்தால் ஆயிரத்துக்கு 925 பங்கு வெள்ளி. எழுத்து எந்த வருடம் என்று சொல்லும். லண்டனில் 20 எழுத்துகள் ஒரு சுற்று, சுற்றுக்குச் சுற்று எழுத்தின் வடிவமும் அதைச் சூழ்ந்த கட்டமும் மாறும். 1784-லிருந்து 1890 வரை அரசர் அல்லது அரசியின் தலை ஐந்தாவதாக இருக்கும், வரி கட்டியதற்கு அடையாளம். 1697-லிருந்து 1720 வரை 958 பங்கு வெள்ளிதான் சட்டம், அந்தக் காலச் சாமான்களில் சிங்கத்துக்குப் பதில் உட்கார்ந்திருக்கும் பிரிட்டானியாவைப் பார்க்கலாம்.

மூடியையும் திருப்பிப் பாருங்கள். அதிலும் சிங்கமும் செய்தவர் முத்திரையும் இருந்து, உடம்போடு ஒத்துப்போனால் மூடி அசல்.

அடியில் சில சமயம் ஊசியால் கீறியது போலச் சில எண்கள் தெரியும். பலர் அதை யாரோ குழந்தை கிறுக்கியது என்று விட்டுவிடுகிறார்கள். அது செய்தபோது இருந்த எடை, டிராய் அவுன்ஸில் எழுதியது. ஒரு டிராய் அவுன்ஸ் 31.1 கிராம். கீறலில் 28 என்றிருந்து தராசில் 27½ வந்தால் இத்தனை வருடத் தேய்ப்பில் போனது அவ்வளவு. 31 வந்தால் உஷாராகுங்கள், பிற்காலத்தில் எதையோ சேர்த்து ஒட்டியிருக்கிறார்கள்.

எல்லாப் பூவேலையும் அசல்தானா? பிற்காலத்தில் சேர்த்ததை எப்படிக் கண்டுபிடிப்பது?

நிறைய பேர் ஏமாறும் இடம் இது. பதினெட்டாம் நூற்றாண்டின் முதல் பாதியில் செய்த ஆங்கிலேயக் கூஜாக்கள் பல வெறும் வழுவழுப்பானவை. விக்டோரியா காலத்தில் அது யாருக்கும் பிடிக்கவில்லை. பாட்டன் வீட்டுக் கூஜாவைக் கொண்டுபோய்ப் பூவும் கொடியும் அடித்து வாங்கிவந்தார்கள். இப்படிச் சேர்த்த வேலை எவ்வளவு நேர்த்தியாக இருந்தாலும், என் மனசுக்கு அது ஒரு இழப்பு. அந்த வழுவழுப்பான உடம்பின் கோடு போனது போனதுதான்.

கண்டுபிடிக்க முதலில் முத்திரைகளைப் பாருங்கள். முத்திரை குத்தியது முதலில், பூ அடித்தது பிறகு என்றால் கொடி ஏதாவது ஒரு முத்திரையின் மேல் ஏறியிருக்கும், அல்லது பக்கத்தில் அடித்த அதிர்ச்சியில் முத்திரை நெளிந்திருக்கும். அடுத்து, முத்திரை 1730 என்று சொல்ல, பூக்கள் அடர்ந்து இடைவெளியே இல்லாமல் உடம்பு முழுவதையும் மூடியிருந்தால் சந்தேகப்படுங்கள். இணைப்புகளைப் பற்றி மேலே சொன்னது இங்கேயும் உதவும். அசல் வேலையில் அலங்காரம் மூக்கையும் பிடியையும் காலையும் தேடிப் போகும். பிறகு சேர்த்தது இருக்கிற வெற்றிடத்தை நிரப்பும், மூக்கு கிளம்புமிடத்தில் பூ பாதியில் வெட்டுப்பட்டு நிற்கும்.

இன்னொரு ஏமாற்று, மது அருந்தும் மூடிக்கோப்பைக்கு மூக்கு ஒட்டிக் காபிக் கூஜாவாக்குவது. மூக்கில் முத்திரை இல்லாமல், உடம்பு குட்டையாகவும் அகலமாகவும் இருந்தால் இதையும் யோசியுங்கள். 1720-லிருந்து இங்கிலாந்தில் அவுன்ஸுக்கு 6 பென்ஸ் வரி இருந்ததால், அதைத் தவிர்க்க ஒரு சின்னச் சாமானிலிருந்து முத்திரையை வட்டமாக வெட்டிப் பெரிய சாமானில் பற்றவைத்தவர்களும் இருந்தார்கள். முத்திரையின் மேல் வாயால் ஊதிப் பாருங்கள், மூச்சின் ஈரம் படியும்போது ஒட்டுக்கோடு சில நேரம் தனியாகத் தெரியும்.

வெள்ளி முலாம் பூசியது என்றால்?

ஓரங்களிலும் மேடுகளிலும் பாருங்கள். தேய்ந்த இடத்தில் செம்பு சிவந்து தெரிந்தால் முலாம் அல்லது செம்பின் மேல் வெள்ளித் தகடு பதித்த ஷெஃபீல்டு சாமான். மின்சாரத்தால் முலாம் பூசும் முறைக்கு எல்கிங்டன் நிறுவனம் 1840-இல் காப்புரிமை பெற்றது. இ.பி.என்.எஸ். என்ற எழுத்துகள் இருந்தால் அடியில் இருப்பது நிக்கல் கலந்த உலோகம், வெள்ளி மேலே மட்டும்தான்.

கறுத்துப்போயிருக்கிறது. பளிச்சென்று துலக்கலாமா?

துலக்கலாம், ஆனால் முழுக்க வேண்டாம். காற்றில் இருக்கும் கந்தகம் வெள்ளியோடு சேர்ந்து உண்டாகும் படிவுதான் அந்தக் கறுப்பு. மேடான இடத்தில் அது அழுக்கு, பள்ளத்தில் அது நிழல். இலை நரம்பு தெரிவதே நரம்புக்குப் பக்கத்தில் கறுப்பு தங்கியிருப்பதால்தான். அலுமினியத் தகடும் சமையல் சோடாவும் போட்ட வெந்நீரில் முக்குவது இப்போது எல்லோரும் சொல்லும் வழி. தேய்மானம் இல்லை என்பது உண்மை, ஆனால் அது பள்ளத்துக் கறுப்பையும் சேர்த்து எடுத்துவிடும். நகாசு வேலை உள்ள சாமானை அதில் போடாதீர்கள்.

இதை நான் அடிபட்டுத்தான் கற்றுக்கொண்டேன். பாட்டியின் பன்னீர்ச் செம்பு எங்கள் வீட்டில் இருந்தது. கழுத்தைச் சுற்றி ஒரு கொடி, கொடியில் நான்கு கிளிகள். ஒரு கல்யாணத்துக்கு முன்னால் மெருகுபோட ஒரு கடையில் கொடுத்தோம். சுழலும் பஃப் மெஷினில் வைத்துவிட்டார்கள். கண்ணாடி மாதிரி திரும்பி வந்தது. கிளிகளுக்குக் கண்ணும் இல்லை, இறகின் கோடும் இல்லை, நான்கு மேடுகள் மட்டும் இருந்தன. அம்மா அதைக் கையில் வாங்கி, விரலால் ஒவ்வொரு கிளியாகத் தடவிப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் உள்ளே கொண்டுபோய் வைத்தார். அன்றைக்குப் போன கோடுகளை எந்தப் பத்தராலும் திரும்பக் கொண்டுவர முடியாது.

ஆகவே: வெதுவெதுப்பான தண்ணீர், மிதமான சோப்பு, மெத்தென்ற பருத்தித் துணி. பல் பொடி, புளி, கரடான விபூதி எதுவும் வேண்டாம். மேட்டை மட்டும் துடையுங்கள். மரப்பிடியைத் தண்ணீரில் ஊறவிடாதீர்கள், மரம் உப்பிக் குழல் வெடித்துவிடும். எடுத்துவைக்கும்போது ரப்பர் பேண்ட் போடவே கூடாது, ரப்பரில் இருக்கும் கந்தகம் அந்தக் கோட்டிலேயே ஆழமாகக் கறுப்பேற்றும். உப்புக் காற்றுள்ள கடலோர ஊர்களில் துணியில் சுற்றிக் காற்றுப் புகாத பையில் வையுங்கள்.

இவ்வளவு பேசுகிறீர்களே, விலை என்ன போகும்?

வீச்சு மிகப் பெரியது. வெள்ளி விலையை ஒட்டியே போகும் கூஜாக்களும் உண்டு. மறுகோடியில் பால் டி லமேரி 1738-இல் லண்டனில் செய்த கூஜா 2013-இல் கிறிஸ்டீஸ் ஏலத்தில் சுமார் 45 லட்சம் பவுண்டுக்குப் போனது. ஆங்கிலேய வெள்ளிக்கு அன்று அது சாதனை விலை. லமேரியின் பெற்றோர் பிரான்சில் மதத்துக்காகத் துன்புறுத்தப்பட்டு வெளியேறிய ஹியூகனாட் பிரிவினர். கூஜாவைச் செய்யச் சொன்ன சர் ஜான் லெக்கேனும் அதே பிரிவில் பிறந்து லண்டனில் வணிகராக உயர்ந்தவர். அகதிக் குழந்தைகளாக வந்த இருவர், ஒருவர் செய்ய ஒருவர் வாங்கியது. லமேரி 1751-இல் இறந்தார்.

விலையைத் தீர்மானிப்பவை செய்தவர் பெயர், வேலையின் கூர்மை, யாரிடம் இருந்தது என்ற சரித்திரம். அழித்துவிட்ட குடும்பச் சின்னம் விலையைக் குறைக்கும். அழித்த இடத்தில் தகடு மெலிந்திருக்கும், கட்டைவிரலால் லேசாக அழுத்தினால் நெளிவது தெரியும்.

நம் பக்கத்தில் இந்த மாதிரி செய்தார்களா?

செய்தார்கள், பத்தொன்பதாம் நூற்றாண்டில். சென்னை மவுண்ட் ரோட்டில் இருந்த பி. ஆர் அண்ட் சன்ஸ் கடை ‘சுவாமி’ வெள்ளி என்ற வகைக்குப் பேர்போனது. டீ, காபிப் பாத்திரங்களின் உடம்பைச் சுற்றிக் கோயில் மண்டபத்தில் நிற்பது போலத் தெய்வ உருவங்களைப் புடைப்பாக வைத்தார்கள். வேல்ஸ் இளவரசர் 1875-76-இல் இந்தியா வந்துபோன பிறகு இந்த வகைக்கு இங்கிலாந்தில் நல்ல கிராக்கி. உருவம் ஐரோப்பாவினுடையது, உளியைப் பிடித்த கை நம்முடையது. குஜராத்தில் புஜ் நகரத்து ஊமர்சி மாவ்ஜியின் வேலை இன்னொரு உச்சம். கட்ச் பாணியில் கொடியும் பூவும் மிக நுணுக்கமாகப் பின்னியிருக்கும். அடியில் ஓ.எம். என்ற எழுத்துகளோடு கிடைத்தால் ஏலங்களில் நல்ல போட்டி இருக்கும்.

சுவாமி வெள்ளியில் என்னைக் கவர்வது உருவங்களின் வரிசை. ஒவ்வொரு தெய்வத்தையும் ஒரு வளைவுக்குள் நிறுத்தி, வளைவின் தூண்களை மூக்கும் பிடியும் ஒட்டுகிற இடத்துக்குக் கொண்டுவந்தால் அந்த ஒட்டு கண்ணிலேயே படாது. அப்படிக் கணக்குப் பார்த்துச் செய்தவை என் கையில் ஒன்றிரண்டு வந்திருக்கின்றன. ஒட்டைத் தேடுவதற்கே நேரமாயிற்று.

கடைசியாக: இதில் காபி ஊற்றிக் குடிக்கலாமா?

உடையாமல் ஒழுகாமல் இருந்தால் குடிக்கலாம். முதலில் வெறும் வெந்நீர் ஊற்றி மூக்கின் அடியையும் பிடிக் குழலையும் பாருங்கள். அங்கே ஈரம் கசிந்தால் நிறுத்திவிடுங்கள், பழைய பற்றவைப்பு விட்டிருக்கிறது. பாலும் சர்க்கரையும் சேர்த்ததை ஊற்றாதீர்கள், மூக்கின் உள்வளைவில் படிந்தால் சுத்தம் செய்ய முடியாது. டிகாக்‌ஷன் மட்டும் ஊற்றி, பாலைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். வெறும் கூஜாவை அடுப்பில் ஏற்றவே கூடாது. குடித்து முடித்ததும் உடனே கழுவி, மூடியைத் திறந்தபடி கவிழ்க்காமல் நிமிர்த்தியே உலரவிடுங்கள். கவிழ்த்தால் மூடிக் குமிழின் மேல்தான் மொத்த எடையும் இறங்கும்.